கும்பினி வேறு, கம்பெனி வேறு

திருப்பூரில் பனியன் கம்பெனி, சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. ஒரு காலத்தில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடித்தன. இவற்றில் எதையும் யாரும் கும்பினி என்று சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். கும்பினி என்றால் தமிழ்க் காதுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம், வரி, தூக்குமரம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அந்த வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது; ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்பது அதன் மூலப் பொருள். நம் வழக்கில் சொன்னால் பந்தியில் பக்கத்தில் உட்காருபவன்.

ஆங்கிலேயர் சொல்வதைக் கேட்டு எழுதியிருந்தால் முதல் எழுத்து 'க' ஆகத்தான் இருந்திருக்கும். 'கு' என்று வந்ததால், சொல் அவர்களுக்கு முன்பே இங்கே கரையேறிவிட்டது என்று நினைக்கிறேன். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லோரிடமும் இந்தச் சொல் ஒகரமோ உகரமோ கலந்துதான் ஒலிக்கும். கொழும்பில் ஒகரமாகவே நின்றுவிட்டது. அங்கே கொம்பனித் தெரு இன்றும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்ததும் பிரெஞ்சுக் கும்பினிக்குத்தான். கும்பினி என்ற சொல் பல கும்பினிகளுக்குப் பொதுவாக இருந்து, மற்றவை ஒடுங்கிய பிறகு ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதாயிற்று.

கடல் கடந்து வணிகம் செய்த கூட்டத்துக்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று கல்வெட்டுகளிலேயே இருக்கின்றன. ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு 1088இல் சுமத்ராவின் பாருஸ் பகுதியில் நடப்பட்டது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபார், அந்தக் கடற்பரப்பில்தான் கிடக்கிறது. அந்த வணிகர்களும் காவல்வீரர்களை வைத்திருந்தார்கள். ஆனால் நாட்டுக்கு வரி விதிக்கவில்லை, ராஜாக்களைத் தூக்கில் போடவில்லை. வந்திறங்கிய புதுப்பொருளுக்குப் பழைய வணிகக்கூட்டச் சொற்கள் பொருந்தாது என்று மக்கள் கண்டுகொண்டார்கள் போலும். அயற்சொல்லை அப்படியே வாங்கி, 'ஆர்' விகுதி சேர்த்துக் கும்பினியார் ஆக்கினார்கள். மரியாதை பாதி, அச்சம் பாதி.

வணிகத்தை விட்டுக் கும்பினி வேறொன்றாக மாறியதை இந்தக் கடலின் தீவுகளில் பார்க்கலாம். நிக்கோபாருக்கு முதலில் போன கும்பினி ஆங்கிலேயருடையது அல்ல, தரங்கம்பாடியிலிருந்து போன டேனிஷ் ஆசியக் கும்பினி. 1750களின் நடுவில் அங்கே குடியேற்றம் போட்டு, 1756இல் தம் அரசன் பிரெடரிக்கின் பெயரைத் தீவுகளுக்கு வைத்தார்கள். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1778இல் ஆஸ்திரியக் கொடியுடன் குடியேற வந்த கப்பலுக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் போல்ட்ஸ். ஆங்கிலக் கும்பினியில் வேலை பார்த்து, அதனோடு சண்டையிட்டு வெளியேறியவர். அந்தக் குடியேற்றமும் நிலைக்கவில்லை. தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலக் கும்பினி விலைக்கு வாங்கியபோது நிக்கோபார் அந்தக் கிரயத்தில் சேரவில்லை. 1868இல்தான் டென்மார்க் உரிமையை விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு அங்கே கொடியேற்றியது. அப்போது கும்பினியாட்சி முடிந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே ஆங்கிலக் கும்பினியை அந்தமானில்தான் தேட வேண்டும்.

கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் தீவுகளை அளந்து வரைந்தார். 1789 செப்டம்பரில் சாத்தம் தீவில் கும்பினியின் குடியேற்றம் தொடங்கியது. அந்தத் துறைமுகத்துக்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். மிளகோ துணியோ அங்கே தேடிப் போகவில்லை. போர்க்கப்பல்கள் ஒதுங்க ஒரு துறைமுகம் வேண்டும், உடைந்து கரையொதுங்கும் கப்பல்களின் ஆட்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், வங்காளத்துக் கைதிகளைக் கொண்டு காடு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். 1792இல் குடியேற்றத்தை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். ஆட்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் பெயரையும் தூக்கிக்கொண்டு போனதுதான் வேடிக்கை: புது இடம் போர்ட் கார்ன்வாலிஸ் ஆயிற்று, பழைய இடம் வெறும் 'பழைய துறைமுகம்' ஆயிற்று. வடக்கே நோயும் சாவும் ஓயவில்லை. 1796இல் மூட்டை கட்டினார்கள். அங்கிருந்த கைதிகள் சுமார் 270 பேர் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கதை வந்து சேர்கிறது. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கை வேங்கன் பெரிய உடையாத் தேவர் உள்ளிட்ட 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றினார்கள். போன இடம் பினாங்கு. நாடுகடத்தல் என்றதும் நமக்கு அந்தமான்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டில் அந்தமானில் கும்பினியின் ஆள் ஒருவர்கூட இல்லை. ஆறு ஆண்டு முன்பு அங்கே காய்ச்சல் பரவாமல் இருந்திருந்தால், துரைசாமி போர்ட் கார்ன்வாலிஸில் மரம் வெட்டியிருக்கலாம்.

சிப்பாய்கள் 1857இல் எழுந்த பிறகு கைதிகளை வைக்க இடம் போதவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் மௌவாத் தலைமையில் ஒரு குழு தீவுகளைச் சுற்றிப் பார்த்து, அதே பழைய துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிளேரின் பெயரைச் சூட்டியது. 1858 ஜனவரி 22 அன்று கொடி ஏறியது. மார்ச் 10 அன்று டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் 'செமிராமிஸ்' கப்பலில் வந்து சேர்ந்தார். அந்தக் கொடியும் கப்பலும் கைதிகளும் கும்பினியின் கணக்கில் இருந்தவை.

அந்தக் கும்பினி அப்போது செய்துகொண்டிருந்த வியாபாரம் என்ன? ஒன்றுமில்லை. 1813இல் இந்திய வணிகத்தின் ஏகபோக உரிமை போயிற்று. 1833ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்த வியாபாரத்தையும் நிறுத்தியது. அதன்பின் கும்பினி தேயிலை விற்கவில்லை, துணி வாங்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் ஈவு மட்டும் தவறாமல் போயிற்று. அது இந்தியக் குடிகள் கட்டிய வரியிலிருந்து போன பணம். சரக்கே இல்லாத வணிகர், சரக்கே இல்லாத தீவில் கைதிகளைக் குடிவைத்தார்கள்.

கைதிகள் வந்திறங்கிய பிறகு அந்தமானை அவர்கள் முழுசாக எட்டு மாதம்கூட ஆளவில்லை. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியாவின் பிரகடனம் வாசிக்கப்பட்டு, ஆட்சி முடியரசின் கைக்குப் போயிற்று. பின்னால் எழுந்த செல்லுலார் சிறையைக் கும்பினியின் தலையில் கட்டுபவர்கள் உண்டு. அது 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த முடியரசுக் கட்டடம். பெயரளவில் இருந்த கும்பினியும் 1874 ஜூன் 1 அன்று கலைந்தது. பங்குதாரர்களுக்கு உறுதியளித்த நாற்பது ஆண்டு முடியும் வரை ஈவு வாங்கிவிட்டுத்தான் கலைந்தது.

அதற்குப் பிறகு சொல்லும் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலத்திலிருந்து நேராக வந்த கம்பெனி கடைத்தெருவுக்கும் ஆலைக்கும் போயிற்று. கும்பினி கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும் தங்கிவிட்டது. பொருள் பிரிவதற்காக ஒலி பிரிந்ததா, இல்லை தற்செயலா என்று மொழியறிஞர்கள் வாதாடட்டும். நாட்டார் பாடகர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

குழப்பம் நம் எழுத்துத் தமிழில்தான். கிழக்கிந்திய வணிகக் குழு, கிழக்கிந்திய நிறுவனம் என்றெல்லாம் பாடநூல்கள் எழுதுகின்றன. தூய தமிழ் என்பதால் குறை சொல்லவில்லை. 1639இல் சென்னைக் கடற்கரையில் கிடங்கு கட்ட இடம் வாங்கியவர்களுக்கு வணிகக் குழு என்ற பெயர் சரியாகவே பொருந்தும். 1802இல் 73 பேரைக் கப்பலேற்றியவர்களுக்கும் 1858இல் போர்ட் பிளேரில் கொடி நட்டவர்களுக்கும் அதே பெயரை எழுதினால், பிள்ளைகள் அங்கே ஏதோ வியாபாரம் நடந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பாடநூல் எழுதுபவர்கள் குறைந்தது அந்தமான் பாடத்திலாவது கும்பினி என்றே எழுதட்டும்.