40 வயதில் மீண்டும் காலேஜ்... வேலையை விடும் முன் இதைப் பாருங்க! அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ் முறை - முழு விளக்கம்

பத்து, பதினைந்து வருஷம் ஒரே வேலை. "இனி இது சரிப்படாது, வேற ஏதாவது படிக்கணும்" என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் முதலில் தேடுவது கம்யூனிட்டி காலேஜைத்தான். வயது வரம்பு கிடையாது, கட்டணமும் குறைவு. ஆனால் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, நினைத்த படிப்பில் இடம் கிடைப்பது வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையை விடுபவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன?

பெரும்பாலும் அரசு நிதியில் இயங்கும் இரண்டாண்டு கல்லூரிகள் இவை. பள்ளிப்படிப்பு அல்லது அதற்கு இணையான ஜிஇடி தேர்வை முடித்தவர்கள் சேரலாம். சுமார் 60 கிரெடிட் முடித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். சில மாதங்களிலேயே முடியும் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர, ஆன்லைன் வகுப்புகளும் பல இடங்களில் நடக்கின்றன.

செலவு எவ்வளவு?

உள்ளூர்வாசிகளுக்கு ஆண்டுக்கு சராசரியாக சுமார் 4,000 டாலர் கட்டணம். அதே மாநிலத்தின் நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகம் என்றால் சராசரி 11,000 டாலரைத் தாண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் 'பெல் கிராண்ட்' உதவித்தொகை உண்டு. 2025-26 கல்வியாண்டில் இதன் உச்சவரம்பு 7,395 டாலர். திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. இதற்கு 'ஃபாஃப்சா' என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மிச்சிகன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில், பட்டம் இல்லாத 25 வயதுக்கு மேற்பட்டோருக்கு கட்டணமில்லாத் திட்டங்களும் உள்ளன.

ஏற்கெனவே டிகிரி இருந்தால்?

இங்குதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இளங்கலைப் பட்டம் இருந்தால் பெல் கிராண்ட் பொதுவாகக் கிடைக்காது. இந்தியாவில் வாங்கிய பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு இணையானது என்றால் அதுவும் கணக்கில் வரும். கிரீன் கார்டு வைத்திருக்கும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் மத்திய அரசின் கல்வி உதவிக்குத் தகுதி இல்லை.

'இரண்டு வருஷம்' என்பது உண்மையா?

நர்சிங்கை எடுத்துக்கொள்வோம். கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரும் எழுதுவது ஒரே 'என்கிளெக்ஸ்' உரிமத் தேர்வுதான். ஆனால் நர்சிங்கில் சேரும் முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை முடிக்கச் சொல்வார்கள். இடங்களும் குறைவு, போட்டி அதிகம். ஆகவே இரண்டு வருஷம் என்பது மூன்று, சில நேரம் அதற்கும் மேலே போகும். முன்பு படித்த அறிவியல் பாடங்கள் ரொம்பப் பழசு என்று சொல்லி, மறுபடியும் படிக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

பழைய மார்க் இன்னும் பேசுமா?

பேசும். 20 வயதில் பாதியில் விட்ட படிப்பின் மதிப்பெண்ணைக் காட்டி, 40 வயதில் உதவித்தொகை மறுக்கப்படலாம். அதற்காக பயந்து பின்வாங்க வேண்டாம். தகுந்த காரணத்தை விளக்கி மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

வேலையை விடும் முன் என்ன செய்யணும்?

* விரும்பும் படிப்புக்கான முன்பாடங்கள், இடங்கள், காத்திருப்புக் காலம் பற்றி கல்லூரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

* பழைய மதிப்பெண் சான்றுகளைக் கொடுத்து, எத்தனை கிரெடிட் செல்லும் என்று எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள்.

* முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு பாடங்கள் மட்டும், வேலையில் இருந்தபடியே படித்துப் பாருங்கள்.

* ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. வேலை போய் வருமானம் குறைந்திருந்தால், மறுபரிசீலனை செய்யும்படி கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் கேட்கலாம்.

இந்த நாலும் தெளிவான பிறகு ராஜினாமா கடிதம் எழுதினால் போதும். கல்லூரி எங்கேயும் போய்விடாது, அடுத்த செமஸ்டரிலும் சேரலாம். விட்ட வேலை அப்படித் திரும்பக் கிடைக்காது.