வாடகை முன்பணம்: சென்னைக் குடித்தன வழக்கத்தின் சட்ட வரலாறு

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில், சுவரின் அழுக்குக்கும் கதவின் கீறலுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கூறிவிட்டது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, குத்தகைக்கு எடுத்தவர் தாம் பெற்ற நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்ததோடு, நியாயமான பயன்பாட்டால் நேரும் தேய்மானத்தையும் தடுக்க இயலாத சக்திகளால் விளையும் மாற்றத்தையும் அக்கடமையிலிருந்து விலக்கியது. குடியிருந்ததனால் மங்கிய சுண்ணாம்புப் பூச்சு தேய்மானம். ஆணியடித்துப் பெயர்ந்த சுவர் சேதம். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடே பின்னாளைய முன்பணப் பூசல்கள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டின் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையின் வழியே அரசு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவில் நேரடியாகத் தலையிட்டது. போர் முடிந்தபின் 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அக்கட்டுப்பாட்டைத் தொடர, 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் முன்பணத்துக்கு ஒரு மாத வாடகை என்ற வரம்பை விதித்தது. ஆயினும் நடைமுறை சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' எனப் பெறுவதும், காலி செய்யும்போது வெள்ளையடிக்கவும் பெயின்ட் பூசவும் எனக் கூறி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் சென்னையில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட வழக்கங்களாயின. வரம்பை மீறிய முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதற்கு உட்பட்ட வாடகைப் பாக்கியைக் காட்டி, வேண்டுமென்றே தவறினார் எனக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 1960ஆம் ஆண்டின் சட்டத்தை அகற்றி, வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது எனவும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரரின் நிலுவைகளை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும் எனவும் வகுத்தது. பராமரிப்புப் பொறுப்பைப் பிரித்துக்காட்டும் அதன் அட்டவணை, வெள்ளையடித்தலையும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதலையும் உரிமையாளரின் பங்கில் சேர்த்தது. குழாய் வாஷர் மாற்றுதல், சாக்கடை அடைப்பை நீக்குதல், ஸ்விட்ச் பழுது பார்த்தல் போன்ற அன்றாடச் சிறு வேலைகளைக் குடியிருப்பவரின் பங்கில் சேர்த்தது.

இவ்வளவு தெளிவிருந்தும் பூசல் ஓயாமைக்குக் காரணம் பணம் உரிமையாளர் கையில் இருப்பதே. கழித்தவர் காரணம் காட்டத் தேவையின்றி இருக்க, இழந்தவரே முறையிட்டு அலையவேண்டியுள்ளது. குடியேறும் நாளில் வீட்டின் நிலையை எழுதிவைக்கும் வழக்கம் வேரூன்றாததால் அவர் கையில் சான்றும் இருப்பதில்லை. ஆகவே, குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, குழாய், மின்கருவி ஆகியவற்றின் நிலையைப் படங்களுடன் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு இணைப்பது இரு தரப்புக்கும் இன்றியமையாத கடமையாகும்.