கெடாத் தோட்டங்களும் ஜப்பானிய மோட்டார் சைக்கிளும்

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து மற்றொன்றையும் கேட்டனர். துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. இன்று படிக்கும் மாணவர்க்கு இக்கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். சக்கரத்தின்மேல் அமர்ந்திருக்கும் உரிமையையும் போராடிப் பெறவேண்டியிருந்த காலம் அது. கிள்ளானுக்கு வெகு வடக்கே இருந்த கெடாவிலும் தோட்ட வாழ்வு அதே வார்ப்பில்தான் அமைந்திருந்தது. விடியுமுன் பெரட்டு, பின் பால்மரம், மாலையில் லயம். பீடோங்கோ சுங்கை பட்டாணியோ கூலிமோ செல்வதற்கு நெடுந்தொலைவுச் செம்மண் பாதை.

அவ்வாண்டு டிசம்பரில் சயாம் எல்லையைக் கடந்த ஜப்பானியப் படை, ஜித்ராவில் பிரிட்டிஷாரை முறியடித்துத் தெற்கே விரைந்தது. அப்படையினர் பலர் வந்ததும் மிதிவண்டியில்தான். அடுத்த ஈராண்டுகளில் சயாம்-பர்மா ரயில்பாதைக்கென மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவேயில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்றால் இறந்தவர் என்றே பொருள்கொண்ட வீடுகள் கெடாவில் உண்டு.

இத்தகைய மண்ணில் பதினைந்தே ஆண்டுகளில் ஜப்பானிய எந்திரம் விரும்பி வரவேற்கப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை. அவ்வெந்திரத்தின் பிறப்பும் போரோடு தொடர்புடையதே. 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா, ஜப்பானிய இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்துவந்த சிறு எந்திரங்களுள் எஞ்சியவற்றை வாங்கி, மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1948இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் 247 சி.சி. அளவுள்ள 'டிரீம் சி 70' வெளிவந்தது. அதுவே ஹோண்டாவின் முதல் இரட்டைச் சிலிண்டர் வண்டி. 1960இல் வந்த 'சி.பி. 72' அதனினும் புகழ் பெற்றது.

இரட்டைச் சிலிண்டர் அமைப்பு ஜப்பானியரின் கண்டுபிடிப்பன்று. 1937இல் இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பீட் டுவின்' வண்டியே அதற்குப் பெருமை தேடித்தந்தது. அதில் இரு பிஸ்டன்களும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்கும். அதனால் அதிர்வு மிகுதி. சி.பி. 72இலோ ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஆங்கில வண்டியின் அடிப்பெட்டி இடம் வலமாக இரு பாதிகளாய்ப் பிளந்தமைந்தது. பொருத்துவாயில் எண்ணெய் கசியும். ஹோண்டா அதனை மேல் கீழாகப் பிளந்தது, கசிவு நின்றது. காலால் உதைத்துக் கிளப்பும் தொல்லையும் குறைந்தது. பொத்தானை அழுத்தினால் போதும். மழையும் சேறும் நிறைந்த நாட்டில், பட்டறைக்கு அடிக்கடி செல்ல வசதியற்றவர்க்கு இவை அற்ப நன்மைகள் அல்ல.

கெடாவுக்கு இவ்வண்டிகள் வந்த வாயில் பினாங்கு. சீனாவில் பிறந்து, இளமையிலேயே பினாங்குக்கு வந்து, பேருந்துத் தொழிலில் உயர்ந்த லோ பூன் சியூ, 1958இல் ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். 'ஹோண்டா பூன் சியூ' என ஒரே பெயராகவே மக்கள் வழங்கலாயினர். எண்ணிக்கையில் மிகுதியாக வந்தது 'கப்சாய்' எனப்படும் சிறு வண்டியே. பால்மரத் தொழிலாளிக்கு எட்டியதும் அதுதான், அதுவும் தவணையில். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் இரட்டைச் சிலிண்டர் வண்டி விலை மிக்கது. பெரும்பாலும் கிராணி, ஆசிரியர், பட்டணத்து வணிகர் போன்றோர்க்கே அது வாய்த்தது. ஆக, பழைய ஏற்றத்தாழ்வு சக்கரத்திலும் தொடர்ந்தது என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் கப்சாயில் செல்பவர் கிராணியின் வண்டியைக் கண்டு இறங்கி நிற்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கினார், அவ்வளவே.

தோட்டத்துக் கடையில் கடன் வாங்கியவர் பட்டணத்துக் கடைகளின் விலையை ஒப்பிட்டறிந்தார். லயத்தில் குடியிருந்துகொண்டே வெளியில் வேலைக்குச் செல்வதும் இளைஞர்க்கு இயன்றது.

இதற்கு விலையும் உண்டு. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின்னும் மலேசியச் சாலை விபத்துகளில் மாள்வோருள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. மெல்ல ஊர்ந்து பழகிய செம்மண் பாதை, லாரிகள் பாயும் பெருஞ்சாலையில் திடீரென முடியும் முனைகளை அப்பகுதி மக்கள் நன்கறிவர். புதிதாக வண்டி வாங்கியவர் அதை முதலில் முனீஸ்வரர் கோயிலுக்கே கொண்டுசெல்கிறார். பூசை முடிந்ததும் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. வண்டி அதை நசுக்கிக்கொண்டு சாலைக்கு ஏறுகிறது.