பேயுருவும் மாடலின் உடலும்

'ஆளைப் பார்த்து வரைவது மேற்கு, அளவைக் கொண்டு வடிப்பது நம் மரபு' என்றொரு சூத்திரம் கலை விமர்சனத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. காலனியக் கலைப்பள்ளியும் சுதேசிப் பெருமிதமும் கூட்டாகக் கட்டமைத்த எதிர்வு இது. காரைக்கால் கோவில்பத்திலிருந்து பார்க்கிற எனக்கு இது நிற்கும் என்று தோன்றவில்லை.

சூத்திரத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தாலமானப்படி சிவனுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். தேவிக்கு மத்திம தசதாலம், 120. சுவாமிமலை ஸ்தபதி தென்னங்கீற்றை மடித்து, அந்த ஒடியோலையைக் கொண்டு அங்கங்களைப் பிரிக்கிறார். எதிரே ஆள் நிற்க வேண்டியதில்லை.

சரி, அம்மையார் படிமத்தை என்ன செய்வது? எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவில் மணக்கோலப் புனிதவதிக்குத்தான் கொண்டாட்டம். சோழச் சிற்பிகள் வடித்ததோ பேயுரு. கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியிலும், இன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனியிலும் வற்றிய முலை, ஒட்டிய உடல், கையில் தாளம். மூத்த திருப்பதிகத்தில் பேயின் அங்கங்களை அம்மையாரே வரிசையாகச் சொல்லிவிட்டார், சிற்பி அதைக் கேட்டுச் செய்தான் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் தோலுக்கடியில் எலும்பு எப்படித் துருத்தும் என்பதைப் பாட்டு கற்றுத்தராது. பட்டினி கிடந்த ஒரு கிழவியின் உடலை யாரோ உற்றுப் பார்த்திருக்க வேண்டும். மாடல் நிறுத்தப்படவில்லை, பார்வை இருந்தது.

1850இல் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றார். ஆளை நிறுத்தி வரையும் பயிற்சி அவர் காலத்தில் வேரூன்றியது. 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையில் முறுக்கேறிய தசைகள் அந்தப் பார்வையின் விளைச்சல். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வகுப்பறைகளில் மணிக்கணக்காக அசையாமல் நின்ற கூலிக்காரர்கள் எந்த வரலாற்றில் இருக்கிறார்கள்?

ஆக, பார்த்தார்களா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. இரண்டு இடத்திலும் பார்த்தார்கள். அளவு நூல் தெய்வ உடலுக்கு இலக்கணம் சொன்னது. பசித்த உடல் 'பேய்' என்ற பெயரில்தான் கோயிலுக்குள் வர முடிந்தது. கலைப்பள்ளியில் அதே உடலுக்கு 'மாடல்' என்று பெயர். மரபா நவீனமா என்று சண்டை போடுகிற நாம், இந்த இரண்டு பெயர்களுக்கும் பின்னால் நிற்கிற ஆட்களைப் பற்றி எப்போது எழுதப் போகிறோம்?