காவடித் தடியில் வந்த சோறு

மலேசியா என்று பேச்செடுத்தால் நம்மூர்ச் சிறப்பு மலர்கள் 1025-இல் கப்பலேறிவிடும். இராசேந்திரன் கடாரம் கொண்டான், ஆகவே அங்குள்ள ருசியும் நம்முடையதே என்று இரண்டு பக்கத்தில் கதை முடிந்துவிடும். திருவெறும்பூர் மலைக்கோயிலின் சோழர் கல்வெட்டுகளைப் பார்த்து வளர்ந்த திருச்சிக் காட்டூர்க்காரர்களுக்கு இந்தப் பெருமிதம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பினாங்கின் சூலியா தெருவில் ஒரு கடையோர மேசையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தால் சோழர் படை எங்கும் தென்படாது. அந்தத் தட்டைப் புரிந்துகொள்ள வேறு வழியாகப் போக வேண்டும். அந்த வழி காட்டூருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போட்ட இருப்புப்பாதை தஞ்சாவூர், திருவெறும்பூர் வழியாகவே வருகிறது. ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய ஆட்கள் பலர் இந்தப் பாதையில் நாகைக்குப் போய்த்தான் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலைப் பற்றிய பேச்சு இன்றும் பழைய குடும்பங்களில் உண்டு. தோட்டத் தொழிலுக்குப் பயணச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. இன்று புதுக்கோட்டைச் சாலை விமான நிலையத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பரிலிருந்து குறுகிய சுற்றுலாவுக்கு விசாவும் கேட்பதில்லை. போய் வருவது எளிதாகிவிட்டதால், சாப்பிடுவதற்காகவே போகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களின் உணவு பெரும்பாலும் லயத்து வீடுகளுக்குள் இருந்தது. ரசமும் கருவாட்டுக் குழம்பும் வீட்டு அடுப்பை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. தெருவுக்கு வந்தது துறைமுகத்து உணவு. அதைக் கொண்டுவந்தவர்கள் நாகூர், இராமநாதபுரக் கடற்கரை, கடையநல்லூர் ஆகிய இடங்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். மலாய்க்காரர்கள் இவர்களை ‘மாமாக்’ என்கிறார்கள். ‘மாமா’ என்ற நம் விளியிலிருந்து வந்தது என்பார்கள். பினாங்கில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்கள்தாம் இவர்களின் பழைய களம்.

அந்தக் களத்தில் பிறந்ததுதான் நாசி கண்டார். தோளில் ஒரு காவடித் தடி. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானைகள். விடிகாலையில் துறைமுகக் கரையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவே அதை இறக்கி வைத்து விற்றார்கள். வாங்கியவர்களில் தமிழர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு. கூலியாளுக்கு நேரமில்லை; இலை விரித்துச் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை வைத்துப் பரிமாற யாருக்கும் இடமும் இல்லை. அதனால் எல்லாம் ஒரே தட்டில் ஒரே வீச்சில் விழுந்தன. மீன் குழம்பு, ஆட்டுக் கறி, கோழி எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி சோற்றின் மேல். பக்கத்தில் வெண்டைக்காய், அவித்த முட்டை. ‘பஞ்சிர்’ என்று கேட்டால் குழம்பைச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். நம் வீட்டில் மீன் குழம்போடு கறிக் குழம்பைக் கலந்து ஊற்றினால் பாட்டிமார் கையைத் தட்டிவிடுவார்கள். அங்கே அந்தக் கலப்புக்காகத்தான் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கேம்பெல் தெருவின் ‘ஹமீதியா’ கடை 1907-இலிருந்து நடக்கிறது என்கிறார்கள். பள்ளிவாசலை ஒட்டிய ஒரு கடையில் திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும்.

இதில் சமையற்காரரின் ஊர் எவ்வளவு இருக்கிறதோ, அதைவிட அதிகமாக வாடிக்கையாளரின் நாக்கு இருக்கிறது என்பது என் எண்ணம். மசாலா இராமநாதபுரத்திலிருந்து போயிருக்கலாம். உணவைச் செய்தது துறைமுகம். மீ கோரெங்கைப் பாருங்கள். மஞ்சள் நூடுல்ஸும் டோஃபுவும் சீனர் கைப்பொருள். இனிப்பும் காரமும் கலந்த மிளகாய்க் குழம்பு தமிழ் முஸ்லிம் கடைக்காரருடையது. மேலே பிழிந்த குட்டி எலுமிச்சை அந்த மண்ணுடையது. இதைச் சீனாவிலும் காண முடியாது, தமிழ்நாட்டிலும் காண முடியாது. வெள்ளரிக்காய், சீவிய கிழங்கு, இறால் வடை எல்லாவற்றையும் நறுக்கிச் சர்க்கரைவள்ளிக் குழம்பை ஊற்றித் தரும் பசம்பூரும் அப்படித்தான். இடியாப்பம் அங்கே ‘புட்டு மாயம்’ ஆகிவிட்டது. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் காலையில் வண்டியில் வரும். தேங்காய்ப்பாலைத் தேடாதீர்கள்.

ரொட்டி சானாயிடம் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் திருச்சிக்காரர்கள் அதைப் பார்த்ததும் “நம்ம பரோட்டாதானே!” என்று கடந்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் சாலையில் மாலையில் கல் சூடேறும் எந்தக் கடை மாஸ்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நம் பரோட்டா சுருட்டி வைத்துத் தட்டியது. ரொட்டி சானாய்க்கு மாவைக் கண்ணாடித் தாளாக வீசி நாற்புறமும் மடிக்கிறார்கள். அது நம் வீச்சுப் பரோட்டாவுக்குத்தான் உறவு. மாவு உருண்டைகளை நெய்யிலோ மார்ஜரினிலோ ஊறவைத்து மறுநாள் எடுப்பதால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே நெகிழ்வு. சால்னா கிடையாது, பருப்புக் குழம்பும் சம்பால் என்ற மிளகாய் விழுதும் வரும். முட்டை வேண்டுமென்றால் ‘தெலூர்’, வெங்காயம் வேண்டுமென்றால் ‘பாவாங்’. கொத்துப் பரோட்டாவைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். கொத்து நம்முடையதும் இலங்கையுடையதும், அந்தக் கரையில் அது அவ்வளவாகப் பரவவில்லை. தே தாரிக் நாம் ஆற்றிக் குடிக்கும் டீயின் உறவுதான், ஆனால் பசும்பாலுக்குப் பதில் டப்பாக் கெட்டிப்பால். சர்க்கரையைக் குறைக்க ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லப் பழகிக்கொள்வது உடம்புக்கு நல்லது.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றோடு கூடிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020-லேயே இடம்பெற்றுவிட்டது. சிங்கப்பூரில் தெருக்கடைக்காரர்களைப் பதிவுசெய்து, 1971-க்கும் 1986-க்கும் இடையில் கூரை, குழாய், கழிவுநீர் வசதியுள்ள கட்டடங்களுக்குள் கொண்டுபோனார்கள். மலேசியா அவ்வளவு கட்டுப்பாடாக நடந்துகொள்ளவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பினாங்கின் கோப்பிக் கடைகளில் கடை முதலாளி விற்பது பானம் மட்டுமே. முன்பக்கத்து இடங்களை ஆளுக்கொன்றாக வாடகைக்கு விடுகிறார். ஒருவர் குவேதியாவ் மட்டும் வறுப்பார், இன்னொருவர் லக்சா மட்டும். நீங்கள் மேசையைப் பிடித்து, ஒவ்வொரு கடையிலும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் தட்டு வரும்போது அவரவருக்குக் காசு. பானம் வாங்காமல் உட்கார்ந்தால் சில இடங்களில் மேசைக்கென்று தனியாகப் பணம் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, முதலாளிக்கு வேறு வரும்படி ஏது? ஒருவர் ஒரே பண்டத்தை முப்பது வருடம் செய்கிற ஒழுங்கு இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிய தள்ளுவண்டிகளிலோ ஒரே கல்லில் தோசை, ஆம்லெட், ஃபிரைடு ரைஸ் மூன்றும் வேகின்றன. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் நமக்கு உரிமைச் சீட்டைப் பற்றிப் பேசியது. இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்கவில்லை.

சைவம் மட்டுமே உண்ணும் ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு ஒரு பத்தி. சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும். ‘காய்கறி மட்டும்’ என்று சொல்வது போதாது. சீன பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் கொள்வதால் அன்று சைவக் கடைகள் களைகட்டும். ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவின் ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய தற்காலிகச் சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். நவராத்திரியை ஒட்டியே பெரும்பாலும் அது வரும். பயணத்தை அப்போது வைத்துக்கொண்டால் பினாங்குச் சீனத் தெருக்கள் வரை தயங்காமல் போகலாம்.

2016 முதல் பினாங்கு மாநிலத்தில் தெருவோர அங்காடிகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சுவை கெட்டுவிடும் என்பது காரணம். தோளில் தடி சுமந்து வந்த முதல் ஆளும் வெளிநாட்டவர்தான் என்பதை விதி எழுதியவர்கள் அறியாமல் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் அச்சத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன்: அந்த முதல் ஆளைத் துறைமுகத்தின் நாக்கு பல்லாண்டு திருத்தியது, இன்று தற்காலிக அனுமதிச் சீட்டில் வருகிறவரைத் திருத்த யாருக்கும் அவகாசம் இல்லை. உணவகங்களுக்கு அந்தத் தடை இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் மாமாக் கடைகளில் குழம்புக் கரண்டியைப் பிடித்திருப்பவர் புதுக்கோட்டைக்காரராகவோ சிவகங்கைக்காரராகவோ இருக்கலாம். நம்மவர்கள் “எந்த ஊரு தம்பி?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எந்தக் குழம்பை முதலில் ஊற்றுகிறார், எதைக் கடைசியில், அந்த வரிசையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சொல்லிக்கொடுத்தவர் அநேகமாக அங்கேயே பிறந்தவராக இருப்பார்.