நிறுவியவர் தங்காத சபை

விழா மலர்களில் முதல் பக்கம் நிறுவனருக்கு உரியது. படம் இருக்கும். கடைசி மூச்சுவரை சபையைக் கட்டிக்காத்த கதை இருக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸில், 1638ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் முதல் பாப்டிஸ்ட் சபைக்கு இவை இரண்டும் வாய்க்கவில்லை. நிறுவனர் ரோஜர் வில்லியம்ஸ் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூட இன்று இல்லை.

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. தாம் பெற்ற ஞானஸ்நானமும் பிறருக்குக் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லுமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போஸ்தலர்களோடு வந்த அதிகாரம் இடையில் அறுந்துபோயிற்று, கிறிஸ்து புதிய அப்போஸ்தலரை அனுப்பும்வரை மெய்யான சபையைக் கட்ட எவருக்கும் உரிமை இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1683இல் இறக்கும்வரை வேறெந்தச் சபையிலும் அவர் சேரவில்லை.

அமெரிக்கச் சுதந்திரத்தின் மத வேர்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு கட்சி, அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்கிறது. இன்னொரு கட்சி, விசுவாசம் தளர்ந்த அறிவாளிகள் கொடுத்த கொடைதான் மதச் சுதந்திரம் என்கிறது. பிராவிடன்ஸ் சபையின் கதை இரண்டு பேருக்கும் ஒத்துவராது. வில்லியம்ஸைவிடப் பிடிவாதமான விசுவாசியை அந்தக் கடற்கரையில் தேடிப் பிடிப்பது கடினம். அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் மாற்றுக் கருத்துக்காரனுக்கும் விடுதலை பிறந்தது.

லண்டனில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே சுருக்கெழுத்துக் கற்று, பெரும் சட்ட வல்லுநரான சர் எட்வர்ட் கோக்குக்காக ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் குறிப்பெடுத்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம். 1631இல் பாஸ்டனில் கப்பல் இறங்கியதும் அங்குள்ள சபை ஊழியத்துக்கு அழைத்தது. நல்ல இடம். நீங்கள் இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவை இன்னும் முறிக்கவில்லையே என்று சொல்லி மறுத்துவிட்டார்! பாஸ்டனின் பியூரிட்டன்கள் தங்களைவிடத் தூய்மையான ஒருவரை எதிர்பார்க்கவில்லை.

அடுத்து சேலம் (நம்மூர்ச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்). அங்கே அவர் பேசியவை மூன்று விதத்தில் உறைத்தன. பத்துக் கற்பனைகளில் தேவனைப் பற்றிய முதல் நான்கை மீறியவனைத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. செவ்விந்தியரின் நிலத்தை அவர்களிடம் கேட்காமல் தானம் செய்ய இங்கிலாந்து மன்னருக்கு உரிமையில்லை. விசுவாசம் இல்லாதவனிடம் தேவன் பெயரால் சத்தியம் வாங்குவது, அவனைப் பாவம் செய்ய வைப்பது. 1635 அக்டோபரில் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அவரைக் குடியேற்றத்தைவிட்டு வெளியேற்றத் தீர்ப்பளித்தது. பிடித்துக் கப்பலேற்ற ஆட்கள் வருவது தெரிந்ததும், 1636 ஜனவரிப் பனியில் தெற்கே நடந்தார். வாம்பனோவாக் மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். பிறகு நாரகான்செட் தலைவர்களான கானோனிகஸ், மியான்டனோமி இருவரிடமும் நிலம் பெற்று ஊர் அமைத்தார். அவர்கள் மொழியை முன்பே கற்றிருந்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1643இல் லண்டனில் அச்சாயிற்று.

ஊரில் குடியேற வந்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மிகச் சுருக்கம். பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுவோம், ஆனால் உலகக் காரியங்களில் மட்டும். ஆராதனை அதில் வராது. அந்த வாசகத்துக்குச் சோதனை உடனே வந்தது. 1638இல் ஜோஷுவா வெரின் என்பவர், வில்லியம்ஸ் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குத் தம் மனைவி ஜேன் போவதைத் தடுத்தார், அடித்தார். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் வேதம்தானே என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தரப்பு வாதாடியது. ஊர் அதை ஏற்கவில்லை. மனைவியின் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்திய குற்றத்துக்காக வெரினின் ஓட்டுரிமையைப் பறித்தது. அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு அவர் சேலத்துக்கே திரும்பிவிட்டதால் தீர்ப்பால் ஜேனுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் பெரிய பிரகடனங்களைவிட இந்தச் சிறிய வழக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணுக்குத் தனி மனச்சாட்சி உண்டென்று ஓர் ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமா?

அந்தக் காலத்தில்தான் சபையும் பிறந்தது. எசேக்கியேல் ஹோலிமன் என்பவர் வில்லியம்ஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பின் வில்லியம்ஸ் அவருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார். குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. தானே விசுவாசித்து, தானே கேட்டு வருகிறவருக்குத்தான். இதில் வெறும் சடங்குச் சச்சரவைக் காண்பவர்கள் அடிப்படையைத் தவறவிடுகிறார்கள். பிறப்பால் சபையில் சேர முடியாது என்றால், பிறந்த நாட்டின் சட்டத்தாலும் சேர முடியாது. கட்டாயத்தால் வரும் ஆராதனையைத் தேவன் ஏற்கமாட்டார், அது மாய்மாலம்தான் என்ற வில்லியம்ஸின் வாதம் இதே வேரிலிருந்து முளைத்தது. 1644இல் அவர் வெளியிட்ட நூல், புறமதத்தார், யூதர், துருக்கியர், கத்தோலிக்கர் எல்லோருக்கும் ஆராதனை விடுதலை கேட்டது. லண்டன் நாடாளுமன்றம் அதைத் தீயிட்டுக் கொளுத்த உத்தரவிட்டது.

இதனால் அவரைச் சமரசவாதி என்று நினைக்கக்கூடாது. குவேக்கர்களின் உபதேசம் அவருக்கு அறவே பிடிக்காது. 1672இல், எழுபதை நெருங்கும் வயதில், நியூபோர்ட்டில் அவர்களோடு வாதாடுவதற்காகப் படகை வலித்துக்கொண்டு போனார். நாள்கணக்கில் வாதாடிவிட்டு, பிறகு அவர்களைத் திட்டி ஒரு புத்தகமும் போட்டார். ஆனால் 1660இல் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணை பாஸ்டன் தூக்கிலிட்டபோது, ரோட் ஐலண்டில் குவேக்கர்கள் நிம்மதியாகக் கூடிக்கொண்டிருந்தார்கள். 1663இல் நியூபோர்ட் பாப்டிஸ்ட் போதகர் ஜான் கிளார்க், இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் பெற்ற சாசனம் இந்த ஏற்பாட்டுக்கு அரசு முத்திரையும் கொடுத்தது.

நிறுவனர் போனபின் சபை நெடுங்காலம் எளிமையாகவே நடந்தது. போதகர்கள் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஊழியம் செய்தார்கள். முதல் அறுபது ஆண்டுகளுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. 1700இல் போதகர் பார்டன் டில்லிங்காஸ்ட் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு ஆராதனைக்கூடம் கட்டினார். கைவைத்தல் சடங்கு அவசியமா, சபையில் பாடலாமா கூடாதா என்று பிளவுகள் வந்து போயின. சபை வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குவார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

1764இல் பாப்டிஸ்டுகள் ரோட் ஐலண்டு கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்றைய பிரவுன் பல்கலைக்கழகம் அதுதான். அதன் சாசனம் மாணவருக்கு மதச் சோதனை வைக்கவில்லை. 36 அறங்காவலர்களில் 22 பேர் பாப்டிஸ்டுகள். மீதி 14 இடங்களைக் குவேக்கருக்கும் ஆங்கிலிக்கருக்கும் காங்கிரகேஷனல் சபையாருக்கும் ஒதுக்கியது. தங்களைத் துரத்திய மாசசூசெட்ஸின் அரசுச் சபையே இந்தக் காங்கிரகேஷனல் சபை! கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மேனிங் 1771 முதல் சபைக்கும் போதகரானார்.

1774 அக்டோபரில் மேனிங்கும், மாசசூசெட்ஸ் பாப்டிஸ்ட் போதகர் ஐசக் பேக்கஸும் பிலடெல்பியாவுக்குப் போனார்கள். முதல் கண்டக் காங்கிரஸ் அங்கே கூடியிருந்தது. பிரிட்டிஷ் வரியை எதிர்த்து முழங்கிக்கொண்டிருந்த ஜான் ஆடம்ஸ், சாமுவேல் ஆடம்ஸ் முதலிய மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளை எதிரே உட்காரவைத்து, உங்கள் மாகாணத்தில் எங்களிடம் சபை வரி வசூலிக்கிறீர்களே, அது எந்த நியாயம் என்று கேட்டார்கள். ஆஷ்பீல்டு ஊரில் வரி கட்டாத பாப்டிஸ்டுகளின் நிலமே ஏலம் போயிருந்தது. தேசபக்தர்களுக்கு எரிச்சல் வந்தது. அன்று அவர்கள் இறங்கிவரவில்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தில் முதல் திருத்தம் 1791இல் வந்தபிறகும், அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியதால், மாசசூசெட்ஸ் அரசுச் சபை 1833வரை நீடித்தது.

இன்றும் நிற்கும் ஆலயம் அந்தப் பரபரப்பில் எழுந்தது. தேயிலையைக் கடலில் கொட்டியதற்காக பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடிவிட்டது. வேலையிழந்த கப்பல் தச்சர்கள் பிராவிடன்ஸுக்கு வந்து மரவேலை செய்தார்கள். வரைபடம் போட்டவர் வணிகர் ஜோசப் பிரவுன். கோபுரத்தின் உயரம் 185 அடி. 1,400 பேர் உட்காரலாம், ஊரிலோ மொத்தம் 4,300 பேர்தான். ஆராதனைக்கும் கல்லூரிப் பட்டமளிப்புக்கும் சேர்த்தே இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். பணத்துக்கு சட்டமன்ற அனுமதியோடு லாட்டரி நடத்தினார்கள். இன்று நம் சபைக் கமிட்டியில் யாராவது இந்த யோசனையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்! 1775 மே மாதம் ஆலயப் பிரதிஷ்டை. லண்டனில் வார்த்த மணியில், மனச்சாட்சியின் விடுதலைக்காகவே இந்த ஊர் நடப்பட்டது என்ற பொருளில் வரிகள் பொறித்திருந்தார்கள். இங்கிலாந்தில் அரசுச் சபைக்கு வெளியே இருந்தவர்களின் ஆலயங்களுக்கு மணியும் கோபுரமும் கிடையாது என்பதால் அதில் ஒரு கிண்டலும் உண்டு.

மலர் எழுதுகிறவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஜோசப் பிரவுனும் அவருடைய மூன்று சகோதரர்களும் 1764இல் சாலி என்ற கப்பலை அடிமைகளை வாங்க ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதில் ஏற்றிய 196 பேரில் குறைந்தது 109 பேர் இறந்தார்கள். ஆலயத்தில் கறுப்பின மக்களுக்குத் தனி மாடம் இருந்தது. சகோதரர்களில் மோசஸ் மட்டும் 1773இல் தம் அடிமைகளை விடுவித்து, மறுஆண்டு குவேக்கரானார். வில்லியம்ஸ் கணக்கும் சுத்தமில்லை. செவ்விந்தியரோடு நடந்த போரில் 1676இல் பிராவிடன்ஸ் எரிந்தபின், பிடிபட்ட செவ்விந்தியரைக் கொத்தடிமைகளாக விற்கும் குழுவில் அவரும் இருந்தார். ரோட் ஐலண்டின் சட்டப் புத்தகத்திலும் 1719 முதல் 1783வரை கத்தோலிக்கருக்குக் குடியுரிமை மறுக்கும் வாசகம் கிடந்தது. மனச்சாட்சிக்கு விடுதலை கேட்டவர்கள் உடலுக்கு அதைக் கேட்க மறந்தது எப்படி என்பதற்கு, காலம் அப்படி என்ற பதில் போதாது. மோசஸும் அதே காலத்து ஆள்தான். பிரவுன் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட விரிவான அறிக்கை இந்தக் கணக்கைத் திறந்து வைத்தது.

நமக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் தொடங்கிய அமெரிக்கன் மிஷன், வில்லியம்ஸைத் துரத்திய அதே நியூ இங்கிலாந்துக் காங்கிரகேஷனல் மரபிலிருந்து வந்தது. பிரவுனில் 1807இல் பட்டம் பெற்ற அதோனிராம் ஜட்சனை அந்த மிஷன்தான் அனுப்பியது. கல்கத்தா வந்தபின் அவர் பாப்டிஸ்ட் ஆனார். கிழக்கிந்தியக் கம்பெனி விரட்டியதால் அலைந்து, 1813 ஜூனில் சென்னைக்கு வந்து, சில வாரத்தில் இங்கிருந்தே ரங்கூனுக்குக் கப்பலேறினார்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் வில்லியம்ஸின் வெளியேற்றத்தை 1936இல் ரத்து செய்தது. பழுதுபட்ட ஆலயத்தை 1957இல் செல்வந்தர் ராக்பெல்லர் ஜூனியரின் பணத்தில் சீர்செய்தார்கள். அவர் பிரவுன் மாணவராக அங்கே வேதபாட வகுப்புக்கு வந்தவர். சபை இன்றும் ஞாயிறுதோறும் கூடுகிறது. மே மாதக் கடைசியில் பிரவுன் பட்டதாரிகள் குன்றிலிருந்து ஊர்வலமாக இறங்கி அதே ஆலயத்துக்கு வருகிறார்கள். பல மதத்தார், மதமே வேண்டாம் என்பவர்கள், எல்லோரும். பட்டம் பெறுகிறவர்களுக்கே உள்ளே இடம் போதாமல் இருக்கும். பெற்றோர் மேலே கல்லூரித் திடலில் காத்திருக்க வேண்டியதுதான்.