ஐஸ்கனால்

ஐஸ்கனால் என்பது ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், லெக் ஆற்று நீரைக் கொண்டு ஓடும் படகுப் போட்டிக் கால்வாய் ஆகும். பெயரின் பொருள் 'பனிக்கட்டிக் கால்வாய்'. குளிர்காலத்தில் ஆற்றில் மிதந்துவரும் பனிக்கட்டிகள் நகரின் நீரேற்று நிலையத்தைத் தாக்காமல் திருப்பிவிடவே இது வெட்டப்பட்டது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டி முதன்முறையாக இடம்பெற்றபோது, இக்கால்வாய் கான்கிரீட் தடைகளுடன் புதுப்பிக்கப்பட்டது. கயாக்கில் அமர்ந்து இருமுனைத் துடுப்பாலும், கனூவில் மண்டியிட்டு ஒருமுனைத் துடுப்பாலும் செலுத்துவர். நீருக்கு மேல் தொங்கும் கம்பங்களுக்கிடையே, சில இடங்களில் ஓட்டத்தை எதிர்த்தும், புகுந்து வரவேண்டும். கம்பத்தைத் தொட்டால் தண்டனையாக நேரம் கூடும்.

சொந்த ஊர் நீர் என்பதால் மேற்கு ஜெர்மனிக்கே சாதகம் என்று எண்ணத் தோன்றும். கிழக்கு ஜெர்மனியோ ஸ்விக்காவ் நகரில் இதைப் பார்த்து அதேபோன்ற கால்வாயைக் கட்டிப் பயிற்சி எடுத்திருந்தது. நான்கு பிரிவுகள், நான்கு தங்கமும் அதற்கே. விளையாட்டில் இப்படியும் ஒரு பனிப்போர்!

அடுத்த 20 ஆண்டுகள் ஸ்லாலம் ஒலிம்பிக்கில் இல்லை. 1992 பார்சிலோனாவில்தான் திரும்பியது. ஆக்ஸ்பர்க்கின் நீர் மேலாண்மை அமைப்பை யுனெஸ்கோ 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் இக்கால்வாயும் அடங்கும். 2022இல் உலக வாகையர் போட்டி இங்கு நடைபெற்றது.